நோயாளி பெயரில் கடை விரிக்காதே!

"ஹஜ்ரத், சட்டம் அனுமதித்த தொழில். நோயாளிக்கு மருந்து. அதை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இதில் என்ன தப்பு?"

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கும் அவருடைய சிநேகிதர், மருத்துவக் கஞ்சாவை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் நிறுவனம் தொடங்கப் போகிறாராம். பங்குப் பணம் கேட்டிருக்கிறார். தொழில் நின்றதும் தம்பியையும் அங்கே அழைத்துக் கொள்வாராம்.

கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் 'அஸ்தஃபிருல்லாஹ்' சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். ஒதுங்கிப் போவது சுலபம். கேட்டவனுக்குப் பதில் சொல்வது யார்?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நோயாளியின் வேதனை பொய்யல்ல. புற்றுநோய் மருந்து ஏற்றிய உடம்பு ஒரு வாய்க் கஞ்சியைக்கூட ஏற்காமல் வெளியே தள்ளுவதை, வீட்டில் அப்படி ஒரு நோயாளியை வைத்திருந்தவர் அறிவார். கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்த டிரோனபினால் மருந்தை, அந்தக் குமட்டலுக்காக 1985-லேயே அமெரிக்க அரசு அங்கீகரித்தது. 2018-ல் குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எபிடியோலெக்ஸ் அங்கீகாரம் பெற்றது. போதை ஹராம் என்பதில் நமக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வேறு வழியில்லாமல் நிர்ப்பந்தத்துக்கு ஆளானவனுக்கு, எல்லை மீறாத அளவுக்கு, மார்க்கம் கதவை அடைத்துவிடவும் இல்லை. அந்தக் கதவு நோயாளிக்காகத் திறந்தது தம்பி. அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வியாபாரி நுழைவதற்காக அல்ல!

இந்த மருந்தை நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்து ஊரறியச் செய்தவர் யார் தெரியுமா? மேரி ராத்பன் என்ற ஒரு மூதாட்டி. உணவு விடுதிகளில் பரிமாறிப் பிழைத்தவர். ஒரே மகளைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். 1980-களில் எய்ட்ஸ் நோய் சான் பிரான்சிஸ்கோ நகரத்து இளைஞர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. பெற்றவர்களே கிட்டே வர அஞ்சிய நேரம் அது. மேரி, அந்நகரத்துப் பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் பிரிவில் தொண்டராகச் சேர்ந்தார். பயிரிட்டவர்கள் தானமாகக் கொடுத்த கஞ்சாவைக் கேக்கில் கலந்து சுட்டு, அந்த நோயாளிகளுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். மூன்று முறை கைதானார். 1992-ல் கடைசியாகக் கைதானபோது வயது 69. அவருடைய மார்க்கம் வேறு, வாழ்க்கை வேறு. அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சான்றிதழ் எழுதவில்லை. ஆனால் சாகக் கிடந்தவனைக் காட்டி அவர் காசு சேர்க்கவில்லை!

அவரும் டெனிஸ் பெரோன் என்பவரும் மற்றவர்களும் போராடியதன் பலனாக, 1996 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 215-வது முன்மொழிவு வென்றது. மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்றானது. அந்தப் பரிந்துரையைக் காசுக்கு விற்கிற மருத்துவர்கள் முளைக்க அதிக நாள் ஆகவில்லை. 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பு. நோயாளி என்ற பேச்சே தேவையில்லை, 21 வயது ஆனவர் யாரும் வாங்கலாம் என்றார்கள். பெரோனே அதை எதிர்த்தார். கேட்பார் இல்லை. 2018 ஜனவரி 1 முதல் கடைகள் திறந்தன.

அப்போது காசில்லாத நோயாளிக்கு என்ன நடந்தது? இதைத்தான் அந்தச் சிநேகிதர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். இலவசமாகக் கொடுக்கும் கஞ்சாவுக்கும் வரி கட்டு என்றது புதிய சட்டம். விற்பவன் வாங்குபவனிடம் வசூலிப்பான். தானம் கொடுப்பவன் யாரிடம் வசூலிப்பான்? இலவசமாகக் கொடுத்துவந்த குழுக்கள் திணறின. சில நின்றே போயின. வரியை நீக்கும் மசோதாவை 2018-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நிராகரித்தார். 2019-ல்தான், டெனிஸ் பெரோன், பிரவுனி மேரி இருவர் பெயரையும் தாங்கி ஒரு சட்டம் வந்து, 2020-ல் அந்த வரி நீங்கியது. நோயாளியைக் காட்டி வாக்குக் கேட்டார்கள். கடை திறந்ததும் முதலில் வெளியே தள்ளப்பட்டவன் ஏழை நோயாளி!

வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதே தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. அந்த மாநிலத்தில் பல ஊர்கள் கடையைத் தடை செய்தன. படுக்கையை விட்டு எழ முடியாதவன் எங்கே போவான்? நோயாளிகளுக்கு வீட்டுக்கே கொடுப்பதை எந்த ஊராட்சியும் தடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தேவை உண்மை. உங்கள் சிநேகிதர் அந்தத் தேவைக்காகத்தான் போகிறாரா என்பதே கேள்வி.

வியாபாரிகளே, கணக்கையும் பாருங்கள். மாநிலம் அனுமதித்தாலும், 1970-ல் வந்த மத்தியச் சட்டம் கஞ்சாவை முதல் பட்டியலில் வைத்தது. மாநிலச் சட்டம் நோயாளியைக்கூட அதிலிருந்து காக்காது என்று 2005-ல் ரெய்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல வங்கிகள் கணக்குத் தரவே அஞ்சின. முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள சரக்கை விற்பவர், கடை வாடகையையும் ஆள் கூலியையும் மத்திய வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. 1982-லிருந்து சட்டம் அப்படி. உரிமம் பெற்ற நிறுவனத்தின் சொந்த ஊழியர் மட்டுமே, அதுவும் 21 வயது நிரம்பியவர், சரக்கை எடுத்துச் செல்லலாம்.

'அங்கே அழைத்துக் கொள்வேன்' என்ற வார்த்தையில் மயங்கிய தம்பிக்கு இன்னொரு செய்தி. மாநில உரிமத்தோடு நடக்கும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்தாலும், அது நன்னடத்தைக்குக் குறையாகக் கருதப்பட்டு, குடியுரிமை மறுக்கப்படலாம் என்று 2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியுரிமைத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. கிரீன் கார்டு கையில் இருந்தாலும் இதுதான். முதலாளி உரிமத்தைச் சுவரில் மாட்டிக்கொள்வார். சரக்குப் பையைத் தூக்கிய உன் பெயர்தான் கோப்பில் ஏறும்.

தம்பியிடம் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்து, சிநேகிதருக்கு அனுப்பச் சொன்னேன். உங்கள் வாடிக்கையாளர்களில் மருத்துவர் சீட்டு உள்ளவர் மட்டும்தானா, 21 வயதான எல்லோருமா? காசில்லாத நோயாளி கூப்பிட்டால் வண்டி போகுமா? போதைக்காகக் கேட்கிறவன் என்று தெரிந்தால் கதவிலிருந்தே திரும்பி வருவீர்களா?

மூன்று வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. தம்பி ஒவ்வொரு வாரமும் வந்து ஸலாம் சொல்கிறார். பதில் இன்னும் வரவில்லையாம். பங்குப் பணத்தை எப்போது அனுப்புவாய் என்று மட்டும் இரண்டு முறை கேட்டிருக்கிறாராம்.