பேசாத பெரியவரைப் பேச வைப்பது எப்படி?

நிறைகுடம் தளும்பாது என்பர் நம் முன்னோர். ஆயினும், தளும்பாத குடத்திலிருந்தும் தாகமுற்றோர் நீர் மொண்டே ஆக வேண்டும். மொள்ளத் தெரியாதவன் குடத்தைக் கவிழ்த்துவிடுவான். அல்லது வெறுங்கையுடன் திரும்புவான். இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

வன்னி மண்ணில் இன்று அரிசி ஆலைகள், ஆடைத் தொழிற்சாலைகள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பல ஸ்தாபனங்கள் இயங்கிவருகின்றன. ஆண்டு நிறைவு மலர் ஒன்று வெளியிட வேண்டும் என்ற எண்ணம் நிர்வாகத்தினருக்கு எழுகிறது. தலைவரைப் பேட்டி கண்டு எழுதும் பொறுப்பு, தமிழ் நன்கு எழுதத் தெரிந்த ஓர் இளைஞனிடமோ யுவதியிடமோ ஒப்படைக்கப்படுகிறது. குறிப்புப் புத்தகமும் கையுமாகச் சென்று நின்றால், "பிள்ளை, என்னைப் பற்றி எழுத என்ன கிடக்கிறது? வேலையைப் பற்றி எழுதும்" என்று கூறிவிட்டுத் தலைவர் நெல் மூடைகளை எண்ணப் போய்விடுகிறார். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இச்சங்கடம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் தேசத்து ஆடை வர்த்தகர் அமான்சியோ ஒர்தேகா உலகின் பெருஞ் செல்வந்தருள் ஒருவர். 1936 ஆம் ஆண்டு ஒரு ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டுச் சட்டைக் கடையொன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர். 1975 இல் ஸாரா என்னும் பெயரில் முதற் கடையைத் திறந்தார். எனினும், 1999 இல் அவரது நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் வெளியிடும் வரை, அவருடைய உத்தியோகபூர்வமான புகைப்படம் ஒன்றையேனும் உலகம் கண்டதில்லை. 2001 இல் நிறுவனத்தின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் தருணம் வந்தபோதுதான் அவர் முகம் பரவலாக அறிமுகமாயிற்று. பிறருடைய பணத்தை ஏற்கும் ஸ்தாபனத்தின் தலைவர் முற்றிலும் மறைந்திருத்தல் இயலாது என்பதற்கு இஃதோர் உதாரணம்.

இனி, நமக்கு நெருங்கிய ஒருவரைப் பார்ப்போம். சென்னை நகரின் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற எஸ். முத்தையா, கொழும்பில் வளர்ந்தவர்; 1951 முதல் 1968 வரை கொழும்பில் "ரைம்ஸ் ஒவ் சிலோன்" பத்திரிகையில் பணியாற்றியவர். பின்னர் சென்னை சென்று, 2019 இல் காலமாகும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார். விளம்பரத்தை நாடாத தென்னாட்டுத் தொழிலதிபர்களின் வரலாறுகளை எழுதியது அவரது பணிகளுள் ஒன்று. முருகப்பா குடும்பத்தைச் சேர்ந்த ஏ.எம்.எம். அருணாசலத்தின் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட தலைப்பில், அக்குடும்பம் முன்பு கொடுக்கல் வாங்கல் நடத்திய பர்மிய நகரமான மோல்மீனின் பெயர் இடம்பெற்றுள்ளது. அவ்வாறே, 1840 இல் குதிரை வண்டி கட்டும் தொழிலாகத் தோன்றிய சிம்சன் ஸ்தாபனத்தின் நூற்றைம்பது ஆண்டுக் கதையையும் எழுதினார். அதனைப் பெருக்கிய அனந்தராமகிருஷ்ணன் 1964 இலேயே மறைந்துவிட்டவர். அவரது குழுமத்தில் 1960 இல் எழுந்த தொழிற்சாலை செய்வது மசி பெர்குசன் உழவு இயந்திரம். வன்னிக் கமக்காரருக்கு அப்பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை!

இதிலிருந்து நாம் அறிவது யாது? மனிதரைப் பற்றிய பேச்சுக்கு வழி அடைபட்டிருந்தால், ஊரின் வழியாகவும் தொழிலின் வழியாகவும் பொருள்களின் வழியாகவும் அவரை அணுகலாம் என்பதே.

வழி தேடுமுன், மௌனத்தின் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும். சிலர் தன்னடக்கத்தால் பேசார். சிலர் கண்ணூறு படும் என்று அஞ்சுவர். வேறு சிலர், பலர் தோள்கொடுத்துத் தூக்கிய பாரத்தைத் தாம் ஒருவரே தூக்கியதாக அச்சில் வந்துவிடுமோ என்று கூசுவர். ஆனால் வன்னியில் மற்றுமொரு காரணம் உண்டு. இங்கே கேள்வி என்றாலே நெடுங்காலம் விசாரணை என்றே பொருள். வவுனியாவில் பாஸ் எடுக்க வரிசையில் நின்றவர்களும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் படிவத்தின்மேல் படிவம் நிரப்பியவர்களும் நம்மிடையே வாழ்கின்றனர். அத்தகைய ஒருவர் முன் அமர்ந்து, "முழுப்பெயர் என்ன? பிறந்த இடம் எது? எந்த ஆண்டு எங்கே இருந்தீர்கள்?" என்று தொடங்கினால் அவர் வாய் திறப்பாரா?

ஆகவே, முதல் நாளில் குறிப்புப் புத்தகத்தை விரிக்க வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவியையும் மேசைமேல் வைக்க வேண்டாம். எதற்காக வந்திருக்கிறீர்கள், எழுதியதை எங்கே வெளியிடுவீர்கள் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பின்னர் அவருடன் ஆலையைச் சுற்றி நடவுங்கள். "ஐயா, இந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது? இதை ஓட்டப் பழக்கியவர் யார்? முதன்முதலாகச் சம்பளம் கொடுத்த நாளில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். தம்மைப் பற்றிப் பேசக் கூசுபவர், தமக்குத் தொழில் கற்பித்தவரைப் பற்றிக் கேட்டால் மகிழ்ந்து பேசுவார். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைத் தொடுக்காதீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள், அந்த இடைவெளிக்குப் பின்னர் வருவதே பல வேளைகளில் பெறுமதி மிக்கது.

ஒரு கேள்வியை மட்டும் தவறவிடலாகாது: "எந்த ஆண்டில் நட்டப்பட்டீர்கள், எப்படி மீண்டீர்கள்?" சம்பளம் தரும் முதலாளியிடம் இதைக் கேட்க நாக்கு எழாதுதான். ஆயினும், நட்டக் கணக்கு இல்லாத வரலாறு வெறும் வாழ்த்துப்பாவே. படிப்போர் அதனை நம்பார். பணிவாகக் கேட்டால் கோபிக்கமாட்டார். நெல் வாங்கப் பணமின்றித் தவித்த ஒரு போகத்தின் கதையே புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவனுக்கு வழிகாட்டும்.

எழுதி முடித்ததும் அதனை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். குடும்பத் துயரம், இழந்த உறவு, போர்க்கால நினைவு ஆகியவற்றுள் எதை நீக்கச் சொன்னாலும் மறுபேச்சின்றி நீக்கிவிடுங்கள். அது அவருடைய உடைமை. ஆனால் உழைத்த தொழிலாளர்களின் பங்கை நீக்கவோ, நடவாததைச் சேர்க்கவோ யார் சொன்னாலும் இணங்க வேண்டாம். அது வாசகர்களின் உடைமை.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பீர்கள். பரந்தனில் 1950களில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் அங்கே செய்யப்பட்டன. 1985 இல் யுத்தம் காரணமாக அது நின்றுபோயிற்று. அங்கே வேலை கற்றவர்கள் இன்று முதியவர்கள். அதன் பின் 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் எத்தனையோ கடைகளின் கணக்கேடுகளும், சங்கங்களின் கூட்டக் குறிப்புகளும், வீட்டுப் புகைப்படங்களும் வழியிலேயே அழிந்தன. காகிதம் போன இடத்தில் எஞ்சியிருப்பது மனிதர் நினைவு ஒன்றே. 2009 க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இப்பொழுது உயர்தர வகுப்பை எட்டுகிறார்கள். தாம் நடக்கும் தெருவிலுள்ள ஆலை எவ்வாறு தொடங்கியது, எவ்வாறு வீழ்ந்தது, யார் கூடி மீண்டும் எழுப்பினார்கள் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

எனவே, அன்பர்களே, உங்கள் ஊரில் பேசாத பெரியவர் ஒருவர் இருப்பின், அடுத்த போயா விடுமுறையில் அவரிடம் சென்று வாருங்கள். மலர் அச்சாகியதும் முதற் பிரதியை அவர் கையிற் கொடுங்கள். மற்றொரு பிரதியை, ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் 2005 முதல் மின்வடிவில் சேமித்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள். மீண்டும் ஒரு முறை காகிதம் தொலைந்தாலும், அவர் சொன்னது தொலையாமல் இருக்கும்.