அளந்தவர்களும் அளப்பவர்களும்

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டுக்கு நாட்களும் 365. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று அங்கே படித்திருவிழா, படிக்கொரு பாட்டு! நாளை எண்ணிப் படியமைத்தவன் மனிதன்; அதில் நமக்கு வழக்கில்லை. "எண் பொருந்துகிறதே, இது தெய்வச் செயலன்றோ?" என்று அளப்போர் உளரே, அவர்களோடுதான் நம் வழக்கு!

இதே 365-ஐக் காட்டி எகிப்திலும் வலை விரித்தனர். விரித்தவர் பாமரர் அல்லர். ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாசி ஸ்மித்! கீசாவின் பெரிய பிரமிடின் அடிப்பக்கத்தைத் 'திருமுழ'த்தால் வகுத்தால் ஆண்டின் நாட்கணக்கு வருமாம். ஆதலால் அது ஆண்டவன் அருளிய அளவாம்! நூல் எழுதியது 1864-இல். அளக்கச் சென்றதோ 1865-இல்! முடிவு முந்திற்று, முழக்கோல் பிந்திற்று!

பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற இளைஞர் 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி அளந்தார். அடிப்பக்கம் ஏறத்தாழ 9,069 அங்குலம். ஸ்மித்தின் கணக்குக்கு வேண்டியதைவிட ஏறக்குறைய 6 அடி குறைவு! உள்ளே துருத்திநின்ற கல்லொன்று கொள்கைக்கு இணங்கவில்லை என்று பற்றாளர் ஒருவர் அதை அரத்தால் தேய்த்த கதையையும் பெட்ரி எழுதி வைத்தார். கொள்கைக்கேற்பக் கல்லைத் தேய்ப்பதா, கல்லுக்கேற்பக் கொள்கையைத் திருத்துவதா?

பொய் உடைந்ததால் பிரமிடு சிறுத்துவிட்டதா? இல்லை, உயர்ந்தது! 230 மீட்டர் நீளப் பக்கங்கள் நான்கு; 1925-இல் அளந்தபோது அவற்றுள் நீண்டதற்கும் குறுகியதற்கும் வேறுபாடு ஏறத்தாழ 20 சென்டிமீட்டரே! நேர்வடக்கிலிருந்து விலகலோ ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முழக்கோலும் கயிறும் தூக்குக்குண்டும் விண்ணோக்கிய கண்ணும் செய்த சாதனை அது. 2013-இல் செங்கடற்கரையில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில், அங்கே கல்லேற்றிச் சென்ற தோணிக்காரர்களின் நாட்குறிப்பே இருக்கிறது. தேவர் எவரும் அதில் கையொப்பமிடவில்லை!

திருத்தணியிலும் அளந்த கைகளுக்குச் சான்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், அபராசித பல்லவன் காலத்தில், நம்பி அப்பி கல்லால் எடுப்பித்த வீரட்டானேசுவரர் கோயிலைப் பாருங்கள். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாடம். கருங்கல்லை வளைவுக்கேற்ப இழைத்துப் பொருத்துவதற்கு மந்திரம் உதவுமா? நடுப்புள்ளியும் கயிறும் உளியும் உழைப்புமே உதவும்!

உழைத்தவன் ஆக்கிய அருமையை ஆண்டவன் கணக்கில் எழுதுவது பக்தியன்று; கூலியைப் பறித்த பின் புகழையும் பறிப்பது! இளைஞர்களே, எண்ணைக் காட்டி எவரேனும் மயக்க வந்தால், "அளந்தவர் யார்? எக்கோலால்? எப்போது?" என்று கேளுங்கள். அளந்தவர் விடை சொல்வார். அளப்பவர் சினம் கொள்வார்!