நாள்தோறும் பார்ப்பவரின் தீர்ப்பு

கொல்கத்தாவில் ஒரு கதைமாந்தரைப் பற்றி நீண்ட நேரம் வாதிடுவதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஃபெலூதாவாகப் பொருந்தியவர் சௌமித்திர சட்டர்ஜியா, சப்யசாச்சி சக்கரவர்த்தியா என்று கல்லூரித் தெருக் காபி ஹவுசில் இரண்டு மணி நேரம் பேசினால் அதற்கு ரசனை என்று பெயர். ஸ்ரீமயீ மறுமணம் செய்துகொண்டது தகுமா என்று ஓர் இல்லத்தரசி பக்கத்து வீட்டாரிடம் அதே இரண்டு மணி நேரம் பேசினால் அதற்குச் சீரியல் பைத்தியம் என்று பெயர். இரு இடத்திலும் நடப்பது ஒரே செயல்தான். ஒரு பாத்திரத்தின் முன்வரலாற்றை நினைவில் வைத்து, இப்போதைய நடத்தையை அதனோடு ஒப்பிட்டு, ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. அத்தீர்ப்புக்குக் கிடைக்கும் மதிப்பு மட்டும் வேறுபடுகிறது. கதைகளின் தரமே இதற்குக் காரணம் எனக் கல்விப்புலம் சொல்லிவருகிறது. தீர்ப்பளிப்பவர் யார் என்பதும் அதற்கு நிகரான காரணம் என்பதை அது சொல்வதில்லை.

துப்பறியும் கதைகளின் பார்வையாளருக்கு வங்கம் நெடுங்காலமாகவே மரியாதை தந்திருக்கிறது. 1974இல் சத்யஜித் ராய் இயக்கிய ‘சோனார் கெல்லா’ படத்தில் ஃபெலூதாவாகச் சௌமித்திர சட்டர்ஜி தோன்றினார். 1980களில் சந்தீப் ராய் இந்தித் தொலைக்காட்சிக்காக எடுத்த ஃபெலூதா கதையில் சசி கபூர் அதே வேடத்தை ஏற்றார். மெலிந்து உயர்ந்த துப்பறிவாளருக்கு அவருடைய உடல்வாகு ஒவ்வாது என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. 1993இல் பாசு சட்டர்ஜி தூர்தர்ஷனுக்காக இயக்கிய ‘பியோம்கேஷ் பக்ஷி’ இந்தியில் பேசிய தொடர். நாயகன் ரஜித் கபூரோ வங்காளியல்லர். ஆயினும் சரதிந்து பந்தோபாத்யாயின் பியோம்கேஷ் இவரே என்று வங்காளிகள் பலர் ஏற்றுக்கொண்டனர். மூலக்கதையறிவு, நடிகரின் பொருத்தம், காலச்சூழலின் நம்பகம் ஆகியவை இத்தீர்ப்புகளின் அளவுகோல்கள். இவற்றை வகுத்தவர்கள் பார்வையாளர்களே. அவர்கள் நேரத்தை வீணடித்ததாக எவரும் குறைகூறியதில்லை.

இனி ‘ஸ்ரீமயீ’க்கு வருவோம். லீனா கங்கோபாத்யாய் எழுதிய இத்தொடர் 2019 ஜூன் முதல் 2021 டிசம்பர் வரை ஸ்டார் ஜல்சாவில் ஒளிபரப்பானது. இந்திராணி ஹால்தார் ஏற்ற ஸ்ரீமயீ, மூன்று பிள்ளைகளின் தாய். குடும்பத்தின் உழைப்பையெல்லாம் சுமந்தும் அக்குடும்பத்தாலேயே இழிவாக நடத்தப்படுபவள். கணவன் அனிந்தியா வேறொரு பெண்ணை நாடிச் செல்கிறான். இக்கதை மராத்தி, இந்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம் எனப் பல மொழிகளுக்குப் பெயர்ந்தது. தமிழில் 2020இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கி 2025 வரை நீண்ட ‘பாக்கியலட்சுமி’யும் இதன் மறு ஆக்கமே. ஒரு கொல்கத்தாக் குடும்பத்துச் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய மனக்கசப்பு இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பொதுக்கதையாகிவிட்டது.

இத்தகைய தொடரை விடாது பார்ப்பவரிடம் திரைப்படத் திறனாய்வாளரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அது காலம். நூற்றுக்கணக்கான பகுதிகளைத் தொடர்ந்து பார்த்தவர், ஒரு பாத்திரம் சென்ற ஆண்டு சொன்ன சொல்லை நினைவில் வைத்திருப்பார். எழுத்தாளரே மறந்துவிட்ட முரண்பாட்டை அவர் மறுநாட்காலை சுட்டிக்காட்டுவார். இத்தனை மாதம் பொறுத்தவள் இன்று மட்டும் ஏன் வெடித்தாள், நேற்று வரை அறிவோடு பேசிய மகன் இன்று ஏன் மூடனானான் என்பவை அவர் எழுப்பும் கேள்விகள். பாத்திர ஒருமை என்ற பெயரில் வகுப்பறைகள் கற்பிப்பதை அவர் அன்றாடம் பயன்படுத்துகிறார். கலைச்சொல் மட்டும் அவரிடம் இல்லை.

மொழிநுட்பத்திலும் அவருடைய செவி கூரியது. ‘ஸ்ரீமயீ’யில் உஷசீ சக்கரவர்த்தி ஏற்ற ஜூன் குகா என்ற பாத்திரம் ‘ஜூன் ஆன்ட்டி’ என்ற பெயரிலேயே புகழ்பெற்றது. மீம்களாக வங்கமெங்கும் உலவியது. அப்பெயரின் ஆற்றல் அந்த ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. மாஷி, பிஷி, காகிமா, மாமி என வங்கமொழி ஒவ்வோர் உறவுக்கும் தனி இடம் வகுத்திருக்கிறது. அவற்றில் எதுவும் வழங்கப்படாமல் ‘ஆன்ட்டி’ என நிறுத்தப்படுபவள் வீட்டுக்குள் வந்தும் உறவுக்குள் வராதவள். தமிழில் நிலைமை வேறு. தாயின் தங்கைக்கும் தந்தையின் இரண்டாம் மனைவிக்கும் ‘சித்தி’ என்ற ஒரே சொல் உண்டு. 1999இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ராதிகாவின் தொடர் அச்சொல்லையே தலைப்பாக்கி, மாற்றாந்தாயை நாயகியாக உயர்த்தியது. ஆகவே ஒரே கதை இரு மொழிகளில் ஒரே கதையாக நிற்க இயலாது.

முன்னிலைப் பெயர்களும் அப்படியே. வங்கமொழியில் ‘துய்’, ‘துமி’, ‘ஆப்னி’ என மூன்று படிகள் உண்டு. இன்றைய கொல்கத்தாக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் ஒருவரையொருவர் ‘துமி’ என்றே அழைக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அவன் ‘நீ’ என்பான். அவள் ‘நீங்க’ என்பாள். வங்கத்து நடிகர் குரலாலும் பார்வையாலும் காட்ட வேண்டிய ஏற்றத்தாழ்வு, தமிழ் உரையாடலில் இலக்கணமாகவே அமர்ந்திருக்கிறது. இதனைத் தேற்றமாக எந்தப் பார்வையாளரும் எழுதப்போவதில்லை. ஆனால் மனைவி ‘நீங்க’வைக் கைவிடும் கணத்தில் எந்தத் தமிழ்ப் பார்வையாளரும் நிமிர்ந்து உட்கார்வார்.

அறத் தீர்ப்பில்தான் இந்த உரையாடலின் கனம் முழுமையாகத் தெரிகிறது. மணவிலக்குக்குப் பின் ஸ்ரீமயீ ரோஹித் சென்னை மணந்தாள். பாக்கியலட்சுமிக்குப் பழனிச்சாமியுடனான நட்பு மணமாக மாறவில்லை. இவ்வேறுபாட்டைப் பார்வையாளர்கள் தீவிரமாக விவாதித்தனர். வளர்ந்த பிள்ளைகளின் தாய்க்குத் துணை வேண்டுமா, துணை இல்லாமல் நிற்பதுதான் விடுதலையா, மறுமணம் அவளுக்குப் பரிசா அல்லது மற்றொரு கடமையா என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் நிறைவேறியதும், அதற்காக ஈஸ்வர சந்திர வித்யாசாகர் சாத்திரச் சான்றுகளோடு வாதாடியதும் இதே கொல்கத்தாவில்தான். அன்று பெண்ணின் மறுமணத்தைப் பற்றி அச்சில் வாதிட்டவர்கள் பண்டிதர்களான ஆண்கள். இன்று அவ்வாதத்தைத் தொடர்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்களுடைய சான்று தம் வாழ்க்கை. முந்தைய விவாதத்தை வரலாறு என்றும் பிந்தையதை வம்பு என்றும் வகைப்படுத்துவது ஆய்வு நேர்மையாகாது.

எதிர்வாதம் வலுவானதே. நெடுந்தொடர்கள் கதையை இழுக்கின்றன. கடத்தலும் நஞ்சும் பொய்க் கர்ப்பமும் சலிக்காது திரும்புகின்றன. பெண்ணின் பொறுமையைத் தெய்வமாக்குகின்றன. இவையனைத்தும் உண்மை. ஆனால் இக்குறைகளை முதலில் சொல்பவரும் அந்தப் பார்வையாளரே. அவர் தொடரை ஏசிக்கொண்டே பார்க்கிறார். அந்த ஏச்சைப் பதிவுசெய்யும் கருவிதான் இல்லை. வாரந்தோறும் வெளியாகும் டி.ஆர்.பி. பட்டியல், தொலைக்காட்சி எந்த அலைவரிசையில் ஓடியது என்பதை மட்டும் அறியும். மகிழ்ந்து பார்த்தவரும் வெறுத்துப் பார்த்தவரும் அதற்கு ஒரே எண். கருத்து எண்ணாகச் சுருங்கிய பிறகு, எண் சரியும்போது அலைவரிசைக்குத் தெரிந்த மருந்து மேலும் ஒரு கடத்தல்தான்.

2018 ஆகஸ்டில் ஊதிய நிலுவையையும் வேலைநேரத்தையும் முன்னிட்டு நடிகர்கள் பணியை நிறுத்தியபோது டாலிகஞ்சில் படப்பிடிப்புகள் நின்றன. பழைய பகுதிகளே மறுஒளிபரப்பாயின. முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்ட பிறகே சிக்கல் தீர்ந்தது. தயாரிப்பாளரும் கலைஞரும் அலைவரிசையும் அந்தப் பேச்சில் இடம்பெற்றனர். நியாயமான ஏற்பாடுதான். எனினும் இத்தொழில் முழுவதையும் மாலைதோறும் தாங்கும் பார்வையாளருக்கு அங்கும் இருக்கை இல்லை. பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் இல்லை.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி டச்சுப் பெண்கள் இதழொன்றில் விளம்பரம் செய்து, வந்த 42 கடிதங்களைக் கொண்டே இயன் ஆங் ஒரு நூலை எழுதினார். தூர்தர்ஷன் பார்த்த டெல்லிப் பெண்களிடையே களப்பணி செய்து பூர்ணிமா மங்கேகர் 1999இல் தம் நூலை வெளியிட்டார். கொல்கத்தாவிலும் சென்னையிலும் செய்யவேண்டிய பணி மிகுதியாக இருக்கிறது. ‘ஸ்ரீமயீ’யையும் ‘பாக்கியலட்சுமி’யையும் முழுமையாகப் பார்த்தவர்களின் தீர்ப்புகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே, ‘துமி’யும் ‘நீங்க’வும் மாறாமல் தொகுக்கவேண்டும். தொடர்களின் ஒளிப்பதிவு நிறுவனங்களிடம் பத்திரமாக இருக்கும். அவற்றைப் பற்றி நடுக்கூடங்களில் வழங்கப்பட்ட தீர்ப்புகளுக்கு அத்தகைய காப்பகம் ஏதுமில்லை. பார்த்தவர்களின் நினைவோடு அவை போய்விடும்.