திருத்த வேண்டியது எது?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீதிகளில், மஞ்சள் சுவரின் முன் தோழியை நிற்கவைத்து அலைபேசியில் படம் எடுத்ததுண்டா? சில சமயம் சுவர் வெளிறி, வெள்ளைச் சட்டையில் நீலம் பாய்ந்திருக்கும். ஏன்? சுவரின் நிறம் எது, ஒளியின் நிறம் எது என்று காமிராவுக்குத் தெரியாது. காட்சி முழுதும் மஞ்சளாயிருந்தால், ஒளியே மஞ்சள் என்று கணித்து நீலத்தைக் கூட்டிவிடுகிறது.

இதை நாமே திருத்தலாம். காட்சியில் பளபளப்பில்லாத ஒரு வெள்ளைத் தாளையும் வையுங்கள். படத்தில் தாளின் நிற எண்கள் சிவப்பு 160, பச்சை 160, நீலம் 200 என்று இருப்பதாகக் கொள்வோம். வெள்ளையில் மூன்றும் சமமாக இருக்கவேண்டும் அல்லவா? படம் முழுவதிலும் நீலத்தை 0.8 ஆல் பெருக்கினால் நிறம் ஏறத்தாழ நேராகிவிடும்.

காமிராவின் பிழையை நீக்குவதே திருத்தம். ஆனால் முகத்தை வெளுப்பாக்கும் செயலிகளும் தம் வேலையை அழகுத் திருத்தம் என்கின்றன! கருமை பிழையா என்ன? அது புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் மெலனின் தந்த நிறம்.

1950களில் கோடாக் நிறுவனம் வண்ணப்பட அச்சுக் கூடங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே அளவுகோலாக அனுப்பியது. அந்த அளவுகோலில் கறுத்த முகங்கள் சரியாக விழவில்லை. அதே தவற்றை இன்று நாமே நம் கையால் செய்யலாமா?

அடுத்த பள்ளி விழாப் படங்களைத் திருத்தும்போது, தாள் வெள்ளையாகும் வரை திருத்துங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோழியின் முகம் தன் நிறத்திலேயே இருக்கட்டும்.