பச்சோந்தி மீது வீண் பழி

கட்சி மாறும் எம்.எல்.ஏ.வைப் பச்சோந்தி என்று ஏசுவது இந்திய அரசியலில் பழகிப்போன வசவு. இதில் அவமானம் யாருக்கு என்பதுதான் கேள்வி. எம்.எல்.ஏ. சேருமிடத்துக்குத் தக்கபடி நிறம் மாறுகிறார். பச்சோந்தி பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. கட்டம் போட்ட சட்டை மீது விட்டால் அதன் உடம்பில் கட்டம் விழாது. கோபம், பயம், இணை தேடும் ஆசை, வெயில், குளிர் ஆகியவைதான் அதன் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. சொல்லப்போனால் மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத பிராணி.

நிறம் மாறும் சூட்சுமம் 2015-ல்தான் தெளிவானது. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மிலின்கோவிச் குழு மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்தது. தோலுக்குள் குவானின் என்ற பொருளாலான நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியான நேரத்தில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தோலிலுள்ள மஞ்சள் நிறமியும் சேர, பார்ப்பவர் கண்ணுக்குப் பச்சை. எதிரி ஆண் தென்பட்டால் போதும், படிகங்களின் இடைவெளி கூடி, உடம்பு சில நிமிடங்களில் மஞ்சளும் சிவப்புமாகிறது.

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. ஏறக்குறைய பாதி மடகாஸ்கரில். 2021-ல் அறிவிக்கப்பட்ட புரூக்கேசியா நானாவின் ஆண், வால் நீங்கலாக 13.5 மில்லிமீட்டர்; விரல் நுனியில் உட்கார்ந்துவிடும். அதே தீவில் இரண்டடி நீளத்தைத் தாண்டும் பார்சன் பச்சோந்தியும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட விசித்திரம் லபோர்டு பச்சோந்தியின் கதை. முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம். வெளியே வந்தபின் நான்கைந்து மாதம்தான் ஆயுள். பெரியவை எல்லாம் செத்துப்போக, வருடத்தில் பல மாதங்கள் அந்த இனமே மண்ணுக்குள் முட்டையாகக் காத்துக்கிடக்கிறது.

இந்தியாவில் இருப்பது ஒரே இனம். 1768-ல் இலங்கையின் பெயரால் கெமிலியோ ஜெய்லானிகஸ் என்று பெயர் பெற்றது. வடக்கே 'கிர்கிட்' என்று பலர் காட்டுவது உண்மையில் ஓணானைத்தான். அசல் பச்சோந்தியை அடையாளம் காண்பது சுலபம்: தனித்தனியே சுழலும் இரு கண்கள், குறடு போலக் கிளையைப் பற்றும் விரல்கள், சுருட்டிய வால், உடல் நீளத்தையும் தாண்டிப் பாயும் நாக்கு.

காற்றில் ஆடும் இலை போல முன்னும் பின்னும் அசைந்தே அது நடக்கும். மரத்தில் இந்த நடை அதைக் காப்பாற்றுகிறது, தார்ச்சாலையில் கொல்கிறது. முட்டையிட மண்ணைத் தோண்டியாக வேண்டும் என்பதால் பெண் பச்சோந்தி மரத்தை விட்டு இறங்கித்தான் தீர வேண்டும். லாரிச் சக்கரத்துக்குத் தப்பினால் மனிதர்களின் கம்பு. துரத்தினால் ஓடத் தெரியாது. உடம்பை உப்பிக்கொண்டு, வாயைப் பிளந்து சீறும். பல ஊர்களில் அதைக் கொடிய விஷமென்று நம்பி அடிக்கிறார்கள். விஷம் துளியும் கிடையாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடிப்பது குற்றம், பிடித்து விற்பதும் குற்றம். ஆனால் கம்பை எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?