மாடல் ரயிலுக்கு எந்தக் கன்ட்ரோலர்? பெரிய ஸ்கிரீன் வேண்டாம், ஒரு நாப் போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஆறு மாதம் கழித்து, "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், மெயில் பார்க்கிறோம் என்று பதில் வரும். அதே கம்ப்யூட்டரை வைத்து வீட்டிலேயே ஒரு ரயில்வே நடத்தலாம் என்று சொன்னால் நம்புவீர்களா?

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் விழுப்புரம் - திண்டிவனம் ரயில் பாதை மேசை மீது ஓடிக் கொண்டிருக்கிறது. நான் சென்னையில் சாப்ட்வேர் என்ஜினியர். சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வரும்போது நானும், ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும் சேர்ந்து கட்டிய பாதை இது. இந்த ரயில்களை ஓட்டக் கையில் வைத்துக் கொள்ளும் கன்ட்ரோலரைத் தேர்வு செய்வதில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நடந்து கொண்டே ஓட்டுவது ஏன்?

விழுப்புரம் பெரிய ஜங்ஷன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பக்கம் பாதைகள் பிரிகின்றன. இங்கிருந்து சென்னைப் பாதையில் திண்டிவனம் சுமார் 37 கி.மீ. மாடல் ரயில்களில் அதிகம் விற்கும் அளவு எச்.ஓ. எனப்படும் 1:87. அதாவது உண்மையான ரயிலை 87 மடங்கு சுருக்கியது. இந்தக் கணக்கில் 37 கி.மீ. பாதைக்கு சுமார் 425 மீட்டர் இடம் வேண்டும். எங்கள் மாடியில் இரண்டு சுவர்களை ஒட்டிக் கிடைத்தது 22 அடி. எனவே இடையில் வரும் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே வைக்க முடிந்தது. "மயிலத்தை வைடா. சிங்கிள் லைனா இருந்தப்போ கிராசிங்குக்கு எத்தனை தடவை நின்னிருக்கேன் தெரியுமா?" என்றார் அப்பா. மயிலம் நிலைத்தது.

முதலில் கன்ட்ரோலரை விழுப்புரம் பக்கம் மேசையில் திருகி வைத்திருந்தோம். அங்கே நின்றால் திண்டிவனம் பிளாட்பாரத்தின் முனை தெரியாது. ரயில் எங்கே நிற்கிறது என்று இன்னொருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. ரயிலோடு கூடவே நடந்து, அதன் அருகில் நின்று ஓட்டினால்தான் சரிப்படும் என்பது ஒரே வாரத்தில் புரிந்தது. இதற்காகவே வெளிநாடுகளில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்கள் பல வகைகளில் விற்பனையாகின்றன.

ரயிலுக்கும் ஒரு முகவரி

வகைகளைப் பார்க்கும் முன் அடிப்படையைத் தெரிந்து கொள்வோம். பழைய முறையில் கன்ட்ரோலர் தண்டவாளத்தில் செல்லும் வோல்டேஜைக் கூட்டும், குறைக்கும். அந்தத் தண்டவாளத்தில் நிற்கும் எல்லா இன்ஜின்களும் ஒன்றாக ஓடும்.

இப்போது பரவலாக உள்ளது டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களில் இதனைப் பொதுத் தரமாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்தின் வழியாகவே 0, 1 என டிஜிட்டல் கட்டளைகளும் செல்லும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் டிகோடர் என்னும் சிறிய சர்க்யூட் இருக்கும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு ஐ.பி. முகவரி இருப்பது போல, ஒவ்வொரு டிகோடருக்கும் ஒரு எண் உண்டு. கடையிலிருந்து வரும்போது அந்த எண் பெரும்பாலும் 3 என இருக்கும். இரண்டு இன்ஜின்கள் வாங்கி, இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் பயப்பட வேண்டாம். ஒன்றின் எண்ணை மாற்றினால் போதும்.

கட்டளைகளை உருவாக்கித் தண்டவாளத்திற்கு அனுப்புவது கமாண்ட் ஸ்டேஷன். நம் கையில் இருக்கும் கன்ட்ரோலர் அதற்குத் தகவல் சொல்லும் ஒரு கீ போர்ட் மட்டுமே. கமாண்ட் ஸ்டேஷனையும் கன்ட்ரோலரையும் தனித்தனியாகத் தேர்வு செய்திடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்று வகைகள்

முதல் வகை, ஒயருடன் வருவது. ரோகோ நிறுவனத்தின் மல்ட்டிமவுஸ், என்.சி.இ. நிறுவனத்தின் பவர் கேப் ஆகியவை இவ்வகை. விலை ஓரளவு குறைவு, பேட்டரி தொல்லை இல்லை, நம்பகமானவை. மேசை ஓரத்தில் ஆங்காங்கே சாக்கெட் வைத்து, ஒன்றில் பிடுங்கி மற்றொன்றில் செருகியபடி நடக்கலாம். ஆனால் வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். பிடுங்கினால் ரயில் அதே வேகத்தில் ஓடுமா, நின்று விடுமா? பவர் கேப் போன்றவற்றில் கமாண்ட் ஸ்டேஷனே கைக்கருவிக்குள் இருக்கிறது. அதனைப் பிடுங்கினால் தண்டவாளத்திற்கே மின்சாரம் நின்று விடும்.

இரண்டாவது வகை, ரேடியோ. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் சில ரேடியோ கன்ட்ரோலர்கள் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. அங்கே அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்தியாவிலோ அந்தப் பகுதியின் பெரும்பங்கு செல்போன் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. நமக்கு லைசென்ஸ் இல்லாமல் அனுமதிக்கப்பட்டவற்றில் முக்கியமானவை 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சிறு பகுதியும், வை-பை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார் என்றால், அட்டைப் பெட்டியில் அலைவரிசை எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, வை-பை. ரோகோ நிறுவனத்தின் இசட்-21 என்ற கமாண்ட் ஸ்டேஷன் 2012ல் வந்த பின், செல்போனிலும் டேப்லட்டிலும் ரயில் ஓட்டுவது பிரபலமானது. வீட்டில் ரவுட்டரும் பழைய ஆண்ட்ராய்ட் போனும் இருந்தால், இன்ஜின் டிரைவர் என்ற ஆப் இலவசமாகவே கிடைக்கிறது.

நான் செய்த தவறு

சாப்ட்வேர்காரன் எதைத் தேர்வு செய்வான்? போனைத்தான். இன்ஜினின் படம், வேகம் காட்டும் எண், ஹாரனுக்கு ஒரு பட்டன், விளக்கிற்கு ஒரு பட்டன் என எல்லாம் ஸ்கிரீனில். வேறெந்தக் கருவியிலும் இவ்வளவு வசதி கிடையாது என்று அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு திண்டிவனத்தை நோக்கி ரயில் போய்க் கொண்டிருந்தபோது ஆபீசிலிருந்து போன் வந்தது. ஸ்கிரீன் முழுக்க அழைப்பு. வேகத்தைக் குறைக்கும் ஸ்லைடர் அதற்குப் பின்னால் மறைந்து விட்டது. நான் தடுமாறிக் கொண்டிருந்த நேரத்தில் இன்ஜின் திண்டிவனத்தைக் கடந்து, தண்டவாளம் முடியும் இடத்தையும் கடந்து, தரையில் விழுந்தது. அழைப்பு வந்தால் ரயிலை நிறுத்தும் வசதி செட்டிங்கில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. அப்பா குனிந்து இன்ஜினை எடுத்தார். முன்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. "சிக்னலத் தாண்டிட்டியேடா. எங்க வேலையில இது நடந்தா அன்னிக்கே சஸ்பெண்டு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அழைப்பை நிறுத்தி விட்டால் தீர்ந்தது என நினைத்து, சிம் இல்லாத பழைய போனை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் ஓட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்க்கத் தொடங்கி விட்டார். ஏன் என்று கேட்டேன். "வண்டி ஓட்டறவன் கண்ணு லைன்ல இருக்கணும். கை தானாப் போகணும். இதுல கண்ணு கையப் பாத்துக்கிட்டு இருக்கு. எதுக்கு ரயிலு?"

இந்தப் பதிலைப் பல நாட்கள் யோசித்தேன். என் வேலையே ஸ்கிரீன்களை வடிவமைப்பதுதான். வழவழப்பான கண்ணாடியில் விரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது, கண்தான் சொல்ல வேண்டும் என்ற எளிய விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கீ போர்டில் எப், ஜே எழுத்துகளின் மேல் ஒரு சிறு மேடு இருப்பதைத் தடவிப் பாருங்கள். பார்க்காமல் டைப் செய்பவர்களுக்காக வைத்தது அது.

நாப்பிலும் இரண்டு வகை

எனவே நாப் தேடினேன். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் நாப் போல, ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் நிற்பது ஒரு வகை. பூஜ்யம் எங்கே என்று கைக்கு உடனே தெரியும். ஆனால் ஒரு சிக்கல். ஒரு இன்ஜினை வேகமாக ஓட விட்டு, நின்று கொண்டிருக்கும் மற்றொரு இன்ஜினுக்கு மாறினால், நாப் இன்னும் வேகத்தில்தான் இருக்கும். சில கருவிகளில் இரண்டாவது இன்ஜின் திடீரெனப் பாயும்.

மவுஸின் வீல் போல முடிவில்லாமல் சுற்றுவது மற்றொரு வகை. இதில் அந்தச் சிக்கல் இல்லை. எந்த இன்ஜினுக்கு மாறினாலும் அதன் அப்போதைய வேகத்திலிருந்து தொடரலாம். ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெரியும்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் வாங்கவில்லை. இ.எஸ்.பி.-32 என்ற வை-பை போர்டு, எண் பட்டன்கள், சுற்றும் நாப், சிறு டிஸ்பிளே ஆகியவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, வைட்கன்ட்ரோலர் என்னும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை அதில் ஏற்றினேன். செலவு, இறக்குமதிக் கன்ட்ரோலரின் விலையில் ஒரு சிறு பங்குதான். சால்டரிங் தெரிந்தவர்களுக்கு ஒரு நாள் வேலை.

அப்பா ஓட்டிய ஒய்.டி.எம்.-4 மீட்டர் கேஜ் டீசல் இன்ஜினில் எட்டு நாட்ச். அதே போல எட்டு கிளிக்கில் முழு வேகம் வருமாறு செட் செய்தேன். பிறகு டிகோடரில் சி.வி. 3, சி.வி. 4 என்ற இரண்டு மதிப்புகளை உயர்த்தினேன். முதலாவது இன்ஜின் எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்க வேண்டும் என்பதையும், இரண்டாவது எவ்வளவு மெதுவாக நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. இப்போது நாப்பைத் திருப்பியதும் ரயில் பாயாது, கனத்தோடு கிளம்பும்.

கம்ப்யூட்டரின் பங்கு

இந்த செட்டிங்குகளை எல்லாம் மாற்றப் பயன்படுத்துவது ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச சாப்ட்வேர். ஜாவாவில் எழுதப்பட்டதால் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஓரமாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். எங்கள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் ஆர்டுயினோ மெகா போர்டும் மோட்டார் ஷீல்டும் இணைந்து, டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற புரோகிராமுடன் கமாண்ட் ஸ்டேஷனாக வேலை செய்கின்றன. போனும் நாப்பும் வை-பை வழியாக ஜே.எம்.ஆர்.ஐ.யுடன் பேசுகின்றன.

இந்தச் சாப்ட்வேருக்கு ஒரு வரலாறும் உண்டு. இதனைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பாப் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர். இதன் பைல்களை விதிமுறைகளை மீறி எடுத்துப் பயன்படுத்தியதாக ஒரு நிறுவனத்தின் மீது அவர் வழக்குத் தொடுத்தார். இலவசமாகக் கொடுத்தாலும் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸின் நிபந்தனைகளைக் காப்பிரைட் சட்டத்தின் கீழ் வலியுறுத்த முடியும் என்று 2008ல் அமெரிக்க பெடரல் சர்க்யூட் அப்பீல் கோர்ட் கூறியது. பொம்மை ரயிலில் தொடங்கிய வழக்கு, சாப்ட்வேர் உலகம் முழுவதற்கும் பாடமானது.

வாங்கும் முன் சோதியுங்கள்

என் கருத்து இதுதான். கன்ட்ரோலரின் வசதிப் பட்டியலைப் படித்து முடிவு செய்யாதீர்கள். கையில் எடுத்துக் கண்களை மூடிக் கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்க முடிகிறதா? ரயிலை உடனே நிறுத்தும் பட்டன் விரலுக்குக் கிடைக்கிறதா? ஒரு கையால் பிடித்து, மறு கையால் பெட்டியைக் கழற்ற முடிகிறதா? வீட்டில் வயதானவரிடமும், பத்து வயதுப் பிள்ளையிடமும் கொடுத்துப் பார்த்தீர்களா? இவற்றில் தேறினால் வாங்குங்கள்.

செலவு செய்ய மனமில்லை என்றால் போனில் தொடங்கலாம், தவறில்லை. சிம்மை எடுத்து விடுங்கள். ஸ்கிரீன் தானாக அணையாதவாறு செட் செய்யுங்கள். முக்கியமாக, இன்ஜின் டிரைவர் ஆப்பில் போனின் பக்கவாட்டில் உள்ள வால்யூம் பட்டன்களாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதனைப் பழகிக் கொண்டால் கண் ரயிலிலேயே இருக்கும்.

சென்ற வாரம் ஊருக்குப் போனபோது மாடியில் விளக்கு எரிந்தது. அப்பா நாப்பைக் கையில் வைத்துக் கொண்டு மயிலத்தைத் தாண்டி நடந்து கொண்டிருந்தார். நான் வந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. திண்டிவனம் பிளாட்பாரத்தில் வண்டி நின்ற பிறகுதான், "எப்ப வந்த?" என்று கேட்டார்.