சரக்கு தயார், கடைத்தட்டு எங்கே?

திருவேங்கடத்தில் ஒருவர் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயைப் புதுப் பெயரில் பாட்டிலில் அடைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "யாரும் இந்தப் பேரைக் கேக்கலையே... வச்சுட்டுப் போங்க, வித்தா காசு" என்பார். ஆள் கேட்டால்தான் தட்டில் இடம். தட்டில் கண்ணில் பட்டால்தான் ஆள் கேட்பார். புதுத் தொழில்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மடங்கிப் போகின்றன.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பெரிய நிறுவனம் அவருக்குக் கடனில் சரக்கு தருகிறது; ஸ்கீம் தருகிறது; காலாவதியானதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கைமுதல் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டவரால் இதில் எதைச் செய்ய முடியும்? இணையச் சந்தைக்குப் போனாலும் விளம்பரக் கட்டணம் கட்டியவரின் பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நல்ல பொருள் தானே விற்றுவிடும் என்று இளைஞர்களுக்குச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. 1983இல் சி.கே. ரங்கநாதன் கடலூரில் 15,000 ரூபாயில் தொடங்கிய தொழிலில் பிறந்தது சிக் ஷாம்பு. அது தானாகவா விற்றது? கிராமம் கிராமமாகப் போய், ஊரார் முன்னால் ஒரு பையனின் தலையை அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் சரி, ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். ஜனங்கள் கேட்கத் தொடங்கியதும் கடைகள் தாமாக வாங்கி வைத்தன.

நம் வட்டாரத்துக்குச் சோறு போடும் தீப்பெட்டியின் கதையும் இதுதான். 1920களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில், சுவீடன் முதலீட்டில் வந்த விம்கோ தீப்பெட்டி நிறுவனத்துக்கு எதிரே நின்று பிழைத்தது. எழுத்தறியாதவரும் லேபிள் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். கையால் செய்யும் பெட்டிக்குப் பின்னாளில் கலால் வரியையும் அரசு குறைத்து வைத்தது. சந்தையில் தாக்குப்பிடிக்க அந்த வரிச்சலுகை செய்த உதவி பெரிது.

இன்று புதுத் தொழில் தொடங்குவோருக்கு அரசின் புத்தொழில் ஆதார நிதி இருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அந்த நிதியில் ஒரு பங்கை விற்பனைக்கென்றே தனியாக ஒதுக்க வேண்டும். மாதிரிப் பொட்டலம், செய்து காட்டும் ஆள், திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். ரயில் நிலையங்களில் 2022 முதல் உள்ளூர்ப் பொருளுக்குத் தனிக் கடை வைக்க முடிகிறதே! தென்காசி மாவட்டக் கூட்டுறவுப் பண்டகசாலைகளிலும் பேருந்து நிலையங்களிலும் புதியவர்களுக்கு ஆறு மாதம் வாடகையில்லாத ஒரு தட்டு ஏன் கிடைக்கக் கூடாது? அங்கே விற்ற பணம் 45 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கெடு அது. அதை முதலில் மதிக்க வேண்டியவை அரசு அலுவலகங்கள்.